இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் மர வளர்ப்பு

ஆப்பிள் மரம் என்பது ரோசாசியே குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஒரு பழமரம் ஆகும். இதன் தாவரவியல் பெயர் மாலஸ் டொமெஸ்டிகா. இலங்கைத் தமிழில் இது அப்பிள் என எழுதப்படுகிறது. நடு ஆசியாவின் தியான் சான் மலைத்தொடரில், இன்றைய கசகஸ்தான் பகுதியில், காட்டு மரமாக வளரும் மாலஸ் சீவெர்சி என்னும் இனமே இதன் முதன்மையான மூதாதை என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்தியாவில் ஆப்பிள் பெருமளவில் விளையும் இடங்கள் ஜம்மு காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகியவை ஆகும். விளைச்சலில் காஷ்மீருக்கே முதலிடம். எனினும் ஆப்பிளை நம்பி ஒரு மலைநாட்டின் பொருளாதாரமே மாறிய கதைக்கு இமாச்சலப் பிரதேசத்தைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கூறலாம். சிம்லா, குல்லு, மண்டி, கின்னௌர், சம்பா ஆகிய மாவட்டங்களில் பெரும்பாலும் சிறு நிலவுடைமையாளர்களே இம்மரத்தை வளர்க்கின்றனர். ஒரு மரம் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆவதாலும், அதன்பின் பல பத்தாண்டுகள் நிலத்தில் நிற்பதாலும், நடும்பொழுது செய்யும் தவறு ஒரு தலைமுறையைத் தொடர்ந்து பாதிக்கக் கூடியது.

வரலாறு

குல்லு பள்ளத்தாக்கில் 1870ஆம் ஆண்டில் கேப்டன் ஆர். சி. லீ என்ற ஆங்கிலேயர் பந்துரோல் என்னுமிடத்தில் ஆப்பிள் தோட்டம் அமைத்தார். அக்காலத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த வகைகள் பெரும்பாலும் புளிப்புச் சுவை மிக்கவை. இனிப்பை விரும்பும் இந்தியச் சந்தையில் அவற்றுக்கு வரவேற்பு குறைவாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் ஆவார். பிலடெல்பியாவில் 1882இல் பிறந்த இவர், 1904இல் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்ய இந்தியா வந்து, பின்னர் சிம்லாவுக்கு அப்பால் சட்லஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலமைந்த கோட்கட் பகுதியில் குடியேறினார். 1916இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள ஸ்டார்க் சகோதரர்கள் நாற்றுப்பண்ணையிலிருந்து ரெட் டெலிசியஸ் வகைக் கன்றுகளை வரவழைத்துத் தானேதார் சிற்றூரில் நட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் கோல்டன் டெலிசியஸ் வகையும் வந்து சேர்ந்தது. கோதுமை, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை மட்டும் பயிரிட்டுவந்த அண்டை உழவர்க்கு அவர் கன்றுகளையும் வளர்ப்பு முறையையும் வழங்கினார். ஸ்டோக்ஸ் இந்திய விடுதலைப் போராட்டத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1932இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் என்ற பெயரை ஏற்றார். 1946இல் காலமானார். இன்றும் கோட்கட், கோட்காய், ஜுப்பல், ரோஹ்ரு வட்டாரங்களில் காணப்படும் தோட்டங்கள் பலவற்றில் டெலிசியஸ் வழிவந்த வகைகளே மிகுதி. இவற்றுள் ராயல் டெலிசியஸ் வகையை உள்ளூரில் சுருக்கமாக ராயல் என்பர்.

குளிர்த்தேவை

வெப்பமண்டலத்தில் வாழ்வோர்க்கு வியப்பளிக்கும் செய்தி, ஆப்பிள் மரத்துக்குக் குளிர் ஒரு தொல்லை அன்று, தேவை என்பதாகும். இலையுதிர் காலத்தில் மரத்தின் மொட்டுகள் உறக்கநிலையை அடைகின்றன. இடையில் ஓரிரு வெப்பமான நாட்கள் வந்தாலும் அவை விழித்தெழுவதில்லை. அவ்வாறு எழுந்தால் அடுத்து வரும் உறைபனி இளந்தளிர்களைக் கருக்கிவிடும். குறிப்பிட்ட அளவு குளிரைக் கடந்த பின்னரே மொட்டினுள் உள்ள தடை நீங்கும். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் கழியும் மணி நேரங்களைக் கூட்டி இக்குளிர்த்தேவையை அளப்பது வழக்கம். டெலிசியஸ் வகைகளுக்கு ஒரு குளிர்காலத்தில் 1,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட குளிர் தேவைப்படுகிறது. குளிர் போதாவிடில் மொட்டுகள் ஒருசேர மலராமல் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக மலரும். இலை தாமதமாகத் துளிர்க்கும். காய்ப்பு குறையும்.

இமாச்சலப் பிரதேசத்தில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 முதல் 2,700 மீட்டர் வரை உள்ள சரிவுகள் இம்மரத்துக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டு வந்தன. குளிர்காலம் மிதமாகி, பனிப்பொழிவு குறைந்து வருவதால் இவ்வெல்லை மேல்நோக்கி நகர்ந்து வருகிறது. குல்லு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் ஆப்பிளை விட்டு மாதுளை, காய்கறிப் பயிர்களுக்கு மாறியவர் பலர். அதே வேளையில் முன்பு மிகக் குளிர்ந்தவை எனக் கருதப்பட்ட மேல் கின்னௌர், லாகௌல், ஸ்பித்தி பகுதிகளில் புதிய தோட்டங்கள் தோன்றியுள்ளன. பனியை வெள்ளை உரம் என மலைவாழ் உழவர் கூறுவதுண்டு. பனியில் உரச்சத்து சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆனால் அது மெல்ல உருகி மண்ணின் ஆழம்வரை ஈரத்தைச் சேர்ப்பதாலும், அதனோடு வரும் நீண்ட குளிராலும் இக்கூற்று பொருளுடையதே.

பூக்கும் காலத்தில் இதற்கு நேர்மாறான நிலை ஏற்படுகிறது. குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகுவாகக் கீழான குளிரையும் தாங்கும் அதே மரத்தின் விரிந்த மலர்கள், சுழியத்துக்குக் கீழ் 2 பாகை அளவிலேயே சேதமடையத் தொடங்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது இரவில் சரிவின் வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே ஒரே ஊரில் பள்ளத்திலுள்ள தோட்டம் பூக்களை இழந்து, சற்று மேலே சரிவிலுள்ள தோட்டம் தப்புவது உண்டு. தோட்டத்துக்கு இடம் தேர்வதில் இது முதன்மையாகக் கவனிக்க வேண்டியதாகும்.

வேர்ச்செடியும் ஒட்டும்

ஆப்பிள் விதையை நட்டால் மரம் வளரும். ஆனால் தாய் மரத்தின் பழம் கிடைக்காது. ஆப்பிள் மலர் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு வகையின் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. எனவே ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கலப்பு. ஒரே பழத்தின் விதைகளில் முளைக்கும் கன்றுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை சிறிய, புளிப்பான பழங்களையே தரும். ரெட் டெலிசியஸ் வகையே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற உழவரின் நிலத்தில் தானாக முளைத்த ஒரு கன்றிலிருந்து கிடைத்தது தான். அத்தகைய நற்பேறு மிக அரிது. ஒரு வகையை மாறாமல் பெருக்க ஒட்டுக்கட்டுதலே வழி.

ஒட்டுக்கன்றில் இரண்டு உறுப்புகள் உள்ளன. மண்ணுள் வேரூன்றி நிற்பது வேர்ச்செடி. அதன் மேல் பொருத்தப்படுவது விரும்பிய வகையின் ஒட்டுக்குச்சி. குளிர்காலத்தின் முடிவில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், உறக்கநிலையிலுள்ள குச்சியை நாக்கு வடிவில் சீவி வேர்ச்செடியின் வெட்டுப்பரப்போடு பொருத்திக் கட்டுவர். பட்டைக்கு அடியிலுள்ள பசுமையான வளர்திசுப் படலங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் மட்டுமே ஒட்டு கூடும். பழத்தின் வகையை ஒட்டுக்குச்சி தீர்மானிக்கிறது. மரத்தின் உயரம், காய்க்கத் தொடங்கும் வயது, சில நோய்களைத் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றில் வேர்ச்செடியின் பங்கு பெரிது.

இமாச்சலின் பழைய தோட்டங்களில் காட்டு ஆப்பிள் விதையிலிருந்து வளர்ந்த வேர்ச்செடிகளே உள்ளன. இவை ஆழமாக வேர்விட்டு, வறட்சியைத் தாங்கி, பெருமரமாகி, ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே காய்ப்பவை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்வேறு வேர்ச்செடிகளை வகைப்படுத்தி எம் என்ற எழுத்தும் எண்ணும் கொண்டு பெயரிட்டது. இவற்றுள் எம் 9 மரத்தைக் குட்டையாக்குகிறது. அதில் ஒட்டிய கன்று இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். ஆனால் அதன் வேர் வலுவற்றது. வாழ்நாள் முழுதும் கம்பும் கம்பியும் தாங்க வேண்டும், நீர்ப்பாசனமும் இன்றியமையாதது. கம்பளி அசுவினிப் பூச்சியை எதிர்க்கும் நார்தர்ன் ஸ்பை என்னும் வகையோடு கலந்து உருவாக்கப்பட்ட எம்எம் வரிசையில், எம்எம் 106 நடுத்தர உயரமும், எம்எம் 111 அதனினும் பெரிய உருவமும் தருபவை. எம்எம் 106 நீர் தேங்கும் மண்ணில் கழுத்தழுகல் நோய்க்கு எளிதில் இரையாகும். வறண்ட சரிவுகளுக்கு எம்எம் 111 பொருத்தமானது.

குட்டை மரங்களை நெருக்கமாக நட்டு விரைவில் விளைச்சல் காணும் அடர் நடவு முறை அண்மைக் காலமாகப் பரவி வருகிறது. பாசன வசதியற்ற செங்குத்தான நிலத்தில் எம் 9 கன்றுகளை நடுவது, அவற்றின் விலை எவ்வளவு உயர்ந்ததாயினும், இழப்பில் முடிவதற்கே வாய்ப்பு மிகுதி. கன்று வாங்குவோர் ஒட்டுக்குச்சியின் வகையை மட்டும் கேட்டறிந்து வேர்ச்செடியைக் கேட்காமல் விடுவது பரவலாகக் காணப்படும் குறையாகும்.

நடவு

மண் ஆழமாகவும் வடிகால் உடையதாகவும், சற்றே அமிலத்தன்மை கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். கார அமில எண் 5.8 முதல் 6.8 வரை ஏற்றது. மழைக்காலம் முடிந்தபின் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்ட குழிகளை எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரத்தைக் கலந்து நிரப்பி, மண் படிய விடுவர். இலையற்ற கன்றுகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்படுகின்றன. விதை வேர்ச்செடியில் ஒட்டிய மரங்களுக்கு 6 மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியும், எம்எம் 106 மரங்களுக்கு 4 மீட்டர் அளவும், எம் 9 மரங்களுக்கு வரிசையில் ஒரு மீட்டர் அளவும் விடுவது வழக்கம்.

ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் 20 சென்டிமீட்டர் அளவு உயர்ந்து நிற்க வேண்டும். அது மண்ணில் புதைந்தால் ஒட்டுக்குச்சியே வேர்விட்டு, வேர்ச்செடியின் குட்டையாக்கும் இயல்பு வீணாகிவிடும். கழுத்தழுகலும் அங்குதான் தொடங்கும். கன்றைச் சுற்றி அமைக்கப்படும் வட்டப்பாத்தியை உள்ளூரில் தௌலியா என்பர். அதில் களை வளராமல் காப்பதும், கோடை தொடங்குமுன் காய்ந்த புல்லைக் கொண்டு மூடாக்கு இடுவதும் மழையை மட்டும் நம்பிய தோட்டங்களில் பாசனத்துக்கு ஓரளவு ஈடாகின்றன. மூடாக்கு தண்டைத் தொடாதிருத்தல் நலம். தொட்டால் எலிகள் அதனுள் தங்கிப் பட்டையைக் கடிக்கும்.

பழத்தோட்டத்தை அகற்றிய இடத்தில் மீண்டும் ஆப்பிளை நடும்பொழுது கன்றுகள் காரணம் புலப்படாமல் குன்றிப்போவதுண்டு. இது மறுநடவு நோய் எனப்படுகிறது. பழைய வேர்களைச் சார்ந்து மண்ணில் பெருகிய பூஞ்சைகளும் நூற்புழுக்களும் இதற்குக் காரணமாகின்றன. ஐம்பது, அறுபது ஆண்டு கண்ட தோட்டங்களைப் புதுப்பிக்க வேண்டிய நிலையிலுள்ள இமாச்சல் உழவர்க்கு இது பெரும் இடர். பழைய வேர்களை இயன்றவரை அகற்றுதல், பழைய குழியை விட்டு இடைப்பட்ட இடத்தில் நடுதல், ஓரிரு ஆண்டுகள் வேறு பயிர் செய்து நிலத்தை ஆறவிடுதல் ஆகியவை கைக்கொள்ளப்படுகின்றன.

வடிவமைப்பும் கவாத்தும்

நட்டவுடன் கன்றின் நுனி 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டப்படுகிறது. இதனால் பக்கக்கிளைகள் தோன்றும். அவற்றுள் தண்டைச் சுற்றி நாற்புறமும், ஒன்றுக்கு மேல் ஒன்றாகவும் அமைந்த நான்கைந்து கிளைகளை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்குவர். தண்டோடு மிகக் குறுகிய கோணத்தில் எழும் கிளைகள் பழப்பாரத்தாலோ பனிப்பாரத்தாலோ பிளந்துவிடும். 45 முதல் 60 பாகைக் கோணத்தில் விரிந்தவை உறுதியானவை. கயிறு கட்டியோ சிறு குச்சியை இடையில் செருகியோ இளங்கிளைகளை விரிப்பதுண்டு. சாய்ந்த கிளை வளர்ச்சியில் தணிந்து பூமொட்டுகளை மிகுதியாக உண்டாக்கும் என்பதும் இதன் பயன்.

ஆப்பிள் பெரும்பாலும் குறுங்கிளைகளில் காய்க்கிறது. இவை விரல் நீளமே உள்ள, கணுக்கள் நெருங்கிய, முரடான சிறு கொம்புகள். இரண்டாண்டுக்கு மேற்பட்ட கிளைகளில் தோன்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து பூக்கும். இவற்றை அறியாதவர் காய்ந்த குச்சி எனக் கருதி வெட்டிவிடுவதுண்டு. பூமொட்டு உருண்டு தடித்து மென்மயிர் போர்த்திருக்கும். இலைமொட்டு சிறியது, கூரியது, கிளையோடு ஒட்டியிருக்கும். கவாத்துக் கத்தியை எடுக்குமுன் இவ்வேறுபாட்டைக் கண்ணால் பழகிக்கொள்ள வேண்டும்.

கவாத்து மரம் உறங்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செய்யப்படுகிறது. நோயுற்றவை, உடைந்தவை, ஒன்றையொன்று உரசுபவை, மரத்தின் நடுவே செங்குத்தாக எழும் நீர்க்கொம்புகள் ஆகியன நீக்கப்படும். ஒளியும் காற்றும் உட்கிளைகளை எட்ட வேண்டும். நிழலிலுள்ள குறுங்கிளை பூப்பதில்லை. அங்கு காய்த்த பழம் சிவப்பதுமில்லை. கிளையின் நுனியை மட்டும் வெட்டினால் வெட்டுக்குக் கீழிருந்து பல தளிர்கள் எழுந்து அடர்த்தி கூடும். அடியோடு வெட்டினால் இடம் திறக்கும். ஒரே ஆண்டில் மிகுதியாக வெட்டுவது மரத்தை நீர்க்கொம்பு விடத் தூண்டுமேயன்றிக் காய்க்கச் செய்யாது. புறக்கணிக்கப்பட்ட பழைய மரத்தை மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சீர்செய்வதே முறை. பெரிய வெட்டுக்காயங்களில் தாமிரம் கலந்த பசை பூசப்படுகிறது. குளிர்காலத்தில் பகல் வெயிலாலும் இரவு உறைபனியாலும் பட்டை வெடிப்பதைத் தடுக்க அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவர்.

மகரந்தச் சேர்க்கை

ஏப்ரல் மாதத்தில் இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடியும் மகரந்தச் சேர்க்கையே அவ்வாண்டின் விளைச்சலை முடிவு செய்கிறது எனலாம். தோட்டம் முழுவதும் ராயல் டெலிசியஸ் மட்டும் இருந்தால் மரங்கள் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும். காய் மட்டும் தங்காது. ஒரே வகையின் மரங்கள் யாவும் ஒரே மரத்தின் ஒட்டுகள் ஆதலால் அவை தமக்குள் மகரந்தத்தை ஏற்பதில்லை. ஆகவே அதே காலத்தில் பூக்கும் கோல்டன் டெலிசியஸ், ரெட் கோல்ட், டைடுமன்ஸ் ஏர்லி வொர்செஸ்டர், கிரானி ஸ்மித் முதலிய மகரந்தம் தரும் வகைகளை இடையிடையே நட வேண்டும். தோட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை இவை இருத்தல் நன்று எனப் பரிந்துரைக்கப்படுகிறது. விலை மிகுந்த ராயலுக்காக மகரந்த மரங்களைக் குறைத்த தோட்டங்களில், பூத்த கிளைகளை வேறிடத்திலிருந்து வெட்டிவந்து, நீர் நிரப்பிய பைகளில் செருகி மரங்களில் தொங்கவிடும் காட்சியைக் காணலாம்.

ஆப்பிள் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பரவுவதில்லை. அதைக் கொண்டு செல்பவை தேனீக்கள். பூக்கும் பருவத்தில் சமவெளியிலிருந்து தேன்பெட்டிகளை மலைக்குக் கொண்டுவந்து வாடகைக்கு விடுவது ஒரு தனித் தொழிலாக உள்ளது. இந்தியத் தேனீ ஐரோப்பியத் தேனீயைவிடக் குறைந்த வெப்பநிலையிலும் காலையில் முன்னதாகவும் பறக்கும். மலைப்பகுதிக்கு இது ஒரு நன்மை. மழையோ குளிரோ நீடித்தால் இரண்டுமே கூட்டைவிட்டு வெளியேறா. பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பது தேனீக்களைக் கொன்று, உழவரின் விளைச்சலையே குறைக்கும் செயலாகும்.

ஆப்பிளின் சூலகத்தில் ஐந்து அறைகள் உள்ளன. அறைக்கு இரண்டாகப் பொதுவாகப் பத்து விதைகள் உண்டாகலாம். பழத்தைக் குறுக்கே வெட்டினால் தோன்றும் ஐந்துமுனை விண்மீன் வடிவம் இவ்வறைகளே. ஒரு பக்கத்து அறைகளில் விதை இல்லையெனில் அப்பக்கம் வளர்ச்சி குன்றிப் பழம் கோணலாகும். சந்தையில் காணும் கோணல் ஆப்பிள்கள் பலவும் போதிய மகரந்தச் சேர்க்கை நிகழாததன் விளைவே.

காய் குறைத்தல்

மலர்க்கொத்து ஒன்றில் ஐந்தாறு மலர்கள் இருக்கும். அனைத்தும் காயானால் மரம் தாங்காது. சூன் மாத அளவில் மரம் தானே ஒரு பகுதியை உதிர்க்கும். அதன் பின்னும் மிகுந்திருந்தால் கொத்துக்கு ஒன்றாக, காய்களுக்கிடையே 15 சென்டிமீட்டர் அளவு இடைவெளி இருக்குமாறு மற்றவற்றைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு பழம் நன்கு பெருக்க ஏறத்தாழ நாற்பது இலைகளின் உணவு தேவை என்பது தோட்டக்கலையில் வழங்கும் கணக்கு.

பிஞ்சைக் கிள்ள உழவரின் மனம் இசைவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் இவ்வாண்டின் கோடையிலேயே உருவாகின்றன. வளரும் விதைகள் சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகள் அருகிலுள்ள மொட்டுகள் பூமொட்டாக மாறுவதைத் தடுக்கின்றன. எனவே ஓராண்டு அளவுக்கு மிஞ்சிக் காய்த்த மரம் மறு ஆண்டு வெறுமையாக நிற்கும். இந்த ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் இயல்பு ஒருமுறை படிந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

உரம்

மரத்தின் ஒவ்வொரு வயதுக்கும் 10 கிலோகிராம் தொழு உரமும், 70 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 70 கிராம் சாம்பல் சத்தும் எனக் கணக்கிட்டு, பத்தாம் ஆண்டுக்குப் பின் அதே அளவை நிலையாகத் தொடர்வது இமாச்சலில் விதை வேர்ச்செடி மரங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவாகும். குட்டை மரங்களுக்கு இதனினும் குறைவு போதும். மண் ஆய்வின்படி இதனைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்து, பழம் நிறம் குன்றி, சேமிப்பில் விரைவில் கெடும். சுண்ணாம்புச்சத்துக் குறைவால் பழத்தோலின் கீழ் பழுப்பான கசப்புக் குழிகள் தோன்றுகின்றன. மண்ணில் இச்சத்து இருந்தாலும் நீர் ஓட்டம் சீராக இல்லாவிடில் அது பழத்தை எட்டாது. ஆதலால் அறுவடைக்கு முன் கால்சியம் குளோரைடு கரைசலைப் பழத்தின் மீதே தெளிப்பர். போரான் குறைந்தால் பழத்தின் உட்பகுதி தக்கை போலாகும்.

நோய்களும் பூச்சிகளும்

சொறி நோயே ஆப்பிளின் கொடிய பகை. வெஞ்சூரியா இனாகுவாலிஸ் என்ற பூஞ்சை இதனை உண்டாக்குகிறது. இலையில் ஆலிவ் பச்சை நிறப் புள்ளிகளும், பழத்தில் கறுத்த, வெடித்த சொறிகளும் தோன்றும். இமாச்சலில் 1970களின் பிற்பகுதியில் அறியப்பட்ட இந்நோய் 1983இல் கொள்ளைநோயாகப் பரவியது. விற்கவியலாத பழங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டன. ஒரே வகையை மலை முழுவதும் நட்டதன் விலையை உழவர் அவ்வாண்டு உணர்ந்தனர் எனக் கூறலாம்.

இப்பூஞ்சை உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் மழை பெய்ததும் அவ்விலைகளிலிருந்து வித்துகள் எழுந்து இளந்தளிர்களை அடைகின்றன. ஆனால் தளிர் போதிய நேரம் ஈரமாக இருந்தால் மட்டுமே நோய் பற்றும். 18 பாகை செல்சியசில் ஏறத்தாழ 9 மணி நேர ஈரம் போதும். குளிர் மிகுந்தால் இன்னும் நீண்ட நேரம் வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்ஸ் 1940களில் வகுத்த இக்கணக்கு இன்றும் எச்சரிக்கை முறைகளுக்கு அடிப்படையாக உள்ளது. இலையுதிருமுன் 5 விழுக்காடு யூரியாக் கரைசலைத் தெளித்தால் விழுந்த இலைகள் விரைவில் மட்கிப் பூஞ்சையின் உறைவிடம் அழிகிறது. பின்னர் பருவத்துக்கேற்பப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. 1990களுக்குப் பின் மார்சொனினா என்னும் பூஞ்சையால் மழைக்காலத்திலேயே இலைகள் மஞ்சளாகி உதிரும் நோயும் பரவியுள்ளது. இலையற்ற மரத்தில் பழம் பெருக்காது. அடுத்த ஆண்டின் மொட்டும் நலிவடையும்.

பூச்சிகளுள் கம்பளி அசுவினி வெண்பஞ்சு போல் கிளைகளிலும் வேர்களிலும் அப்பியிருந்து சாறு உறிஞ்சி முடிச்சுகளை உண்டாக்கும். அபெலினஸ் மாலி என்ற நுண்குளவி இதன் உடலினுள் முட்டையிட்டு இதனை அழிக்கிறது. கண்டபடி பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் மடிவது இக்குளவியே. சான் ஓசே செதில் பூச்சி பட்டையில் சாம்பல் தூவியது போல் படர்ந்து மரத்தையே உலர்த்தக்கூடியது. மொட்டு விரியுமுன் தோட்டக்கலை எண்ணெய்க் கரைசலைத் தெளித்தால் அது மூச்சடைத்து மடியும். ஐரோப்பியச் செம்பேன், வேர்த்துளைப்பான் வண்டின் புழு ஆகியவையும் சேதம் விளைவிக்கின்றன.

ஆலங்கட்டி மழை

ஏப்ரல் முதல் சூன் வரை பெய்யும் ஆலங்கட்டி மழை சில நிமிடங்களில் ஓராண்டு உழைப்பை அழிக்க வல்லது. அடிபட்ட காய் உதிராவிட்டாலும் வடுவோடு வளர்ந்து கடைத்தர விலைக்கே போகும். மரங்களின் மேல் வலை கட்டுவதே நம்பத்தக்க காப்பு. இதற்கு அரசின் மானியமும் உண்டு. 2010ஆம் ஆண்டளவில் சிம்லா மாவட்டத்தில், ஒலி அதிர்வலைகளை வானில் செலுத்தி ஆலங்கட்டி உருவாவதைத் தடுப்பதாகக் கூறப்படும் துப்பாக்கிகள் நிறுவப்பட்டன. இவற்றின் பயனுக்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. வலை காய்ப்புப் பருவத்தில் தோட்டத்துக்கு நிழலையும் ஓரளவு தருவதால் நிறம் சற்றுக் குறையலாம். குளிர்காலத்தில் பனி படிந்து கம்பங்கள் முறியாதிருக்க அதனைச் சுருட்டி வைக்க வேண்டும்.

அறுவடை

சூலை முதல் அக்டோபர் வரை, தாழ்ந்த இடங்களில் முன்னும் உயர்ந்த இடங்களில் பின்னுமாக அறுவடை நடைபெறுகிறது. பழத்தின் செந்நிறம் முதிர்ச்சிக்கு உறுதியான அடையாளம் அன்று. நிறம் மிகுந்த புதிய வகைகள் முதிருமுன்னரே சிவந்துவிடும். தோலின் அடிநிறம் பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளாக மாறுவதையும் விதை பழுப்பாவதையும் காண வேண்டும். பழத்தை வெட்டி அயோடின் கரைசலில் தோய்த்தால் மாவுச்சத்து உள்ள பகுதி கருநீலமாகும். முதிர முதிர மாவு சர்க்கரையாவதால் நடுவிலிருந்து நிறம் மறையும். பழத்தை இழுக்காமல் உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் திருகினால் காம்போடு வரும், குறுங்கிளையும் முறியாது.

முன்பு பழங்கள் மரப்பெட்டிகளில் அனுப்பப்பட்டன. ஆப்பிளால் வளம் பெற்ற மலை, அப்பெட்டிகளுக்காகத் தன் காடுகளை இழந்துவந்தது. 1980களில் அட்டைப்பெட்டிகளுக்கு மாறியதால் இவ்வழிவு குறைந்தது. பெட்டியில் அளவுக்கு மீறிப் பழம் அடைத்து வாங்கும் வழக்கத்தைத் தடுக்க 2024இல் ஒரே அளவான பொதுப்பெட்டி கட்டாயமாக்கப்பட்டது. அறுவடையும் பருவமழையும் ஒன்றாக வருவதால் நிலச்சரிவு உழவரின் மற்றோர் அச்சம். 2023இல் பெருமழையால் சாலைகள் துண்டிக்கப்பட்டுப் பறித்த பழங்கள் பல இடங்களில் சந்தையை அடைய இயலாமல் போயின.

வெப்பமான பகுதிகளில் ஆப்பிள்

குறைந்த குளிரிலேயே காய்க்கும் வகைகளும் உள்ளன. இசுரேலில் உருவான அன்னா, பகாமாசில் கண்டறியப்பட்ட டோர்செட் கோல்டன் ஆகியவை புகழ்பெற்றவை. இமாச்சலின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,800 அடி உயரமே உள்ள பனியாலா சிற்றூரில் ஹரிமன் சர்மா என்ற உழவர் தேர்ந்தெடுத்து வளர்த்த எச்ஆர்எம்என் 99 என்னும் வகை சமவெளிகளிலும் நடப்படுகிறது. இவ்வகைப் பழங்கள் கோடையிலேயே முதிர்ந்துவிடும். நீண்ட நாள் சேமிப்பைத் தாங்குவதில்லை.

இந்தோனேசியாவின் கிழக்கு சாவகத்திலுள்ள பத்து, மாலாங் பகுதிகளில் குளிர்காலமே இல்லை. அங்கு அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவி, மரத்தை உறக்கநிலைக்குச் செல்ல விடாமல் மீண்டும் பூக்கச் செய்து, ஆண்டுக்கு இருமுறை விளைச்சல் எடுக்கின்றனர். தமிழ்நாட்டில் கோடைக்கானல், உதகமண்டலம் போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆப்பிள் சிறிய அளவில் வளர்க்கப்படுகிறது. கோடைக்கானலுக்கு ஏற்ற பார்லின்ஸ் பியூட்டி என்னும் வகை கேகேஎல் 1 என்ற பெயரில் வெளியிடப்பட்டுள்ளது.